கூழுக்குப் போன தலைமகனுரிமை

முரசுமோட்டையில் காலபோக நெல் வெட்டி முடிந்த ஒரு மாலைப்பொழுது. சிறு விவசாயிகள் குழுவின் கூட்டம் கலைந்தபின் ஒருவர் மட்டும் போகாமல் நின்றார். வயது நாற்பதுக்கு மேல். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் மடித்து மடித்து நைந்துபோன பெர்மிட் பிரதி.

“பாதர், பைபிளிலையும் மூத்தவருக்குத்தானே எல்லாம்? அப்ப நான் இவ்வளவு காலமும் விதைச்ச வயல் ஆருக்கு?”

அவருடைய தகப்பனாருக்குக் குடியேற்றத் திட்டத்தில் கிடைத்தது மூன்று ஏக்கர் வயலும் கொஞ்சம் மேட்டுக்காணியும். தகப்பன் இறந்துவிட்டார். தனக்குப் பின் காணி யாருக்கு என்று அவர் எழுதி வைக்கவில்லை. மூத்த மகன் 1996 இடப்பெயர்வோடு ஊரை விட்டுப் போய்க் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். தங்கையின் சீதனத்துக்குக் காசு அனுப்பியவர் அவர்தான். இளையவர் 2009 தொடக்கத்தில் குடும்பத்தோடு முள்ளிவாய்க்கால் வரை போய், முகாமில் இருந்து, திரும்பி வந்து, பற்றை மண்டிக் கிடந்த வயலைத் துப்புரவாக்கியவர். தங்கை பக்கத்து வளவில் தாயைப் பார்த்துக்கொள்கிறார். இப்போது அண்ணன் காணி தன் பெயருக்கு வரவேண்டும் என்கிறார். மூவரில் யாரும் கெட்டவர் அல்லர் என்பதே இதில் உள்ள சிக்கல்.

அவருடைய கேள்விக்கு அன்று நான் முழுப் பதில் சொல்லவில்லை. பிறகு யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

ஏசா விற்றது என்ன?

தொடக்க நூலின் 25ஆம் அதிகாரக் கதை நாம் அறிந்ததே. ஈசாக்குக்கும் ரெபேக்காவுக்கும் இரட்டைப் பிள்ளைகள். முதலில் பிறந்த ஏசா வேட்டைக்காரன். பின்னால் பிறந்த யாக்கோபு கூடாரத்தோடு இருப்பவன். ஒருநாள் ஏசா களைத்துப் பசியோடு வருகிறான். தம்பி பருப்புக் கூழ் காய்ச்சிக்கொண்டிருக்கிறான். ‘தலைமகனுரிமையைத் தா, கூழ் தருகிறேன்’ என்பது தம்பியின் பேரம். ஏசா ஆணையிட்டுக் கொடுத்துவிடுகிறான்.

அந்த உரிமையின் பெறுமதி சிறியதல்ல. இணைச் சட்டம் 21ஆம் அதிகாரத்தின்படி தலைமகனுக்கு இரட்டைப் பங்கு. இரண்டு மகன்மார் இருந்தால் சொத்து மூன்றாகப் பிரியும். இரண்டு பங்கு மூத்தவனுக்கு. தகப்பன் தனக்கு விருப்பமான மனைவியின் பிள்ளைக்காக இதை மாற்றக்கூடாது என்றும் அதே சட்டம் தடுக்கிறது. பங்கோடு பொறுப்பும் சேர்ந்தே வரும். தகப்பனுக்குப் பின் குடும்பத்துக்குத் தலைமை தாங்குபவன் மூத்தவன்.

இப்படி உரிமையை விற்பது கதைக்காகச் சொன்னதல்ல. இன்றைய ஈராக்கிலுள்ள கிர்க்குக் நகருக்கு அருகில், நூசி என்ற பழைய ஊரில், கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த களிமண் ஏடுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று, ஒருவன் தனக்கு வரவேண்டிய தோப்புப் பங்கைச் சகோதரனுக்கு மூன்று ஆடுகளுக்குக் கொடுத்ததைப் பதிவு செய்கிறது.

பிரசங்கங்களில் நாம் ஏசாவையே குறை சொல்வது வழக்கம். அவன் தன் உரிமையை அசட்டை செய்தான் என்று மறைநூலும் சொல்கிறது. ஆனால் பசித்து வந்த தமையனுக்கு ஒரு கோப்பை கூழைச் சும்மா கொடுத்தால் என்ன என்று யாரும் தம்பியைக் கேட்பதில்லை. 2009 இல் கஞ்சிக்கு வரிசையில் நின்ற நம் மக்களுக்கு இந்தக் கேள்வி விளங்கும். பசியில் இருப்பவனோடு செய்யும் பேரம் நீதியான பேரம் அல்ல.

மூத்தவர்கள் இழந்த வரலாறு

“மூத்தது மோழை, இளையது காளை” என்பது நம் பழமொழி. மறைநூலும் பல இடங்களில் இளையவன் பக்கமே சாய்வதுபோலத் தோன்றும். யாக்கோபின் மூத்த மகன் ரூபன் தகப்பனின் படுக்கையை அவமதித்ததால் தலைமகனுரிமையை இழந்தான். அது யோசேப்பின் மக்களுக்குப் போனதாகக் குறிப்பேடு முதல் நூல் சொல்கிறது. அந்த மக்களுக்குள்ளும் யாக்கோபு வலக்கையை வைத்தது மூத்த மனாசேயின் தலையில் அல்ல, இளைய எப்ராயிமின் தலையில்.

சட்டம் மூத்தவனுக்குப் பங்கு கொடுத்தது. கதைகளோ பிறந்த வரிசை மட்டும் ஒருவனைப் பெரியவனாக்காது என்று காட்டின. இரண்டும் ஒரே நூலில் இருக்கின்றன. ஆகவே ‘பைபிளில் மூத்தவனுக்கே எல்லாம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட இயலாது.

நம் காணிச் சட்டம்

இனி நம் நிலத்துக்கு வருவோம். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளத்தை நம்பியே இப்பகுதி வயல்கள் இருக்கின்றன. கிளிநொச்சி மாவட்டக் குடியேற்றத் திட்டங்களில் ‘பெர்மிட் காணி’ என்று நாம் சொல்வது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டதாகும்.

நம் தேசவழமை வேறு. ஒல்லாந்தர் 1707 இல் தொகுத்து எழுதுவித்த அந்தச் சட்டத்தில் முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று வகை உண்டு. பெண்ணுக்குச் சீதனம், ஆண்களுக்கிடையே பங்கு. ‘மூத்தவனுக்கே முழுவதும்’ என்பது அதில் இல்லை. ஆனால் பெர்மிட் காணியின் பின்னுரிமைக்குத் தேசவழமை செல்லாது. காணி துண்டு துண்டாகிப் பயனற்றுப் போகக்கூடாது என்பதற்காக 1935 சட்டம் வேறு ஒழுங்கை வைத்தது. காணிக்காரர் யாரையும் நியமிக்காமல் இறந்தால், வாழ்க்கைத் துணைக்கு ஆயுள் உள்ளவரை இருந்து பயன்பெறும் உரிமை. அதன்பின் காணி உறவினரில் ஒருவருக்கு மட்டும். அந்த வரிசையில் முதலில் மகன்மார், பிறகுதான் மகள்மார். ஒரே வகுப்பில் பலர் இருந்தால் மூத்தவருக்கே முதலிடம்.

அதாவது ஏசாவின் உரிமை நம் வயல்களிலும் சட்டமாக இருந்தது. இஸ்ரயேலில் இளையவனுக்கு மூன்றில் ஒரு பங்காவது மிஞ்சியது. இங்கே அதுவும் இல்லை. தாயைப் பார்த்த மகளோ வரிசையில் பின்னால் நின்றாள்.

மகள்மாரின் வழக்கு எண்ணிக்கை நூலின் 27ஆம் அதிகாரத்திலும் வருகிறது. செலொபுகாது ஆண்பிள்ளை இல்லாமல் இறந்தான். அவனுடைய ஐந்து பெண்கள் மோசேயின் முன் நின்று தகப்பனின் காணியைக் கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரி என்று ஆண்டவர் சொன்னார், சட்டம் திருத்தப்பட்டது. நம் நாட்டிலும் பெண்கள் அமைப்புகள் நெடுங்காலம் கேட்டதன் பின், 2022 இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் திருத்தப்பட்டு, பின்னுரிமை வரிசையில் இருந்த ஆண் பெண் வேற்றுமை நீக்கப்பட்டது.

செய்யக்கூடியது என்ன?

முதலாவது, பெர்மிட் காணியை நினைத்தபடி விற்க முடியாது. உரிய அதிகாரியின் எழுத்துமூல அனுமதியின்றிக் கைமாற்றுவது செல்லாது. வெள்ளைக் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக் காசு கொடுத்தவர்களும், அவசரத்துக்குக் காசு வாங்கிக் காணியை விட்டவர்களும் இதை அறியவேண்டும். கூழுக்கு உரிமை போகாமல் காப்பதே இந்தத் தடையின் நோக்கம்.

இரண்டாவது, காணிக்காரர் உயிரோடு இருக்கும்போதே பின்னுரித்தாளரை நியமித்து முறைப்படி பதிந்துகொள்ளலாம். மூத்தவராகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. பாடுபட்ட இளையவரையோ மகளையோ நியமிக்கலாம். இதைப் பேசினால் அபசகுனம் என்று நாம் தள்ளிப்போடுகிறோம். தள்ளிப்போட்ட பேச்சு, செத்தவீடு முடிந்த பிறகு சண்டையாக வருகிறது.

மூன்றாவது, காணி மூத்தவர் பெயருக்கு வந்த பின்னும் வழி மூடப்படவில்லை. அவர் தம்பியையோ தங்கையையோ தனக்குப் பின்னுரித்தாளராக நியமிக்கலாம். இவற்றையெல்லாம் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் நேரே கேட்டறிவது நல்லது.

முரசுமோட்டைச் சகோதரரிடம் பிறகு ஒருநாள் இவற்றைச் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். “அண்ணா கொழும்பிலை பட்ட பாடும் எனக்குத் தெரியும் பாதர். அவர் அனுப்பின காசிலைதான் நாங்கள் ஒருகாலம் சாப்பிட்டது” என்றார். தகப்பனின் ஆண்டுத் திவசத்துக்கு அண்ணன் வருகிறாராம். அன்று தாயையும் தங்கையையும் வைத்துக்கொண்டு பேசுவதாகச் சொல்லிப் போனார். முடிவு என்னவாகும் என்று எனக்குத் தெரியாது.

ஏசாவின் கதை கூழோடு முடியவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு யாக்கோபு மந்தைகளைக் காணிக்கையாக முன்னே அனுப்பிவிட்டு, பயந்து பயந்து தமையனிடம் வருகிறான். ஏசா ஓடிவந்து தம்பியைக் கட்டியணைத்து முத்தமிடுகிறான், இருவரும் அழுகிறார்கள். தனக்குப் போதுமான அளவு இருக்கிறது என்று காணிக்கையை முதலில் மறுக்கிறான். தலைமகனுரிமையை இழந்தவன் அன்று மூத்தவனாகவே நடந்துகொண்டான்.

குழுவாகச் சிந்திக்க:

1. உங்கள் வீட்டுப் பெர்மிட்டில் பின்னுரித்தாளர் பெயர் பதியப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால் தடையாக இருப்பது எது?

2. காணியில் பாடுபட்டவர், காசு அனுப்பியவர், பெற்றோரைப் பார்த்தவர் – இம்மூவரின் பங்கையும் உங்கள் ஊரில் எப்படி நீதியாக மதிக்கலாம்?

3. அயலவரின் கஷ்டகாலத்தில் நாம் அவரோடு பேசிய பேரம் ஏதும் உண்டா? அதை இன்று எப்படிச் சரிசெய்யலாம்?