மூன்று டிக் போனால் தாளம் போச்சு

1991இல் செகா மெகா டிரைவுக்கு வந்த ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ்’ விளையாட்டின் பாட்டுகளை இசையமைப்பாளர் யூசோ கோஷிரோ கீபோர்டில் வாசித்துப் பதிவு செய்யவில்லை. பிசி-8801 கணினியில் எழுத்தும் எண்ணுமாகத் தட்டச்சு செய்தார். அவர் எழுதியது மியூசிக் மேக்ரோ லாங்குவேஜ், சுருக்கமாக எம்.எம்.எல்.; அதையும் தன் வசதிக்கு மாற்றி வைத்திருந்தார். பழைய கேம் கருவிகளுக்கு இசை எழுதும் ஆர்வலர்கள் இன்றும் இதே வழியில் எழுதுகிறார்கள். எழுதிய கோப்பைக் கருவிக்குப் புரியும் பைட்டுகளாக மாற்றித் தருவது கம்பைலரின் வேலை.

சுரத்துக்கு எழுத்து, நீளத்துக்கு எண். ‘சி4’ என்றால் முழு நோட்டில் கால், ‘சி8’ அரைக்கால், ‘சி16’ வீசம். பின்னால் புள்ளி வைத்தால் நீளத்தில் பாதி கூடும். ‘சி4^16’ என்றால் காலும் வீசமும் ஒட்டி ஒரே சுரமாக ஒலிக்கும். சாதாரணப் பாட்டுக்கு இது போதும்.

சிக்கல் வகுத்தலில் வருகிறது. கருவிக்குப் பின்னம் தெரியாது. ‘டிக்’ என்ற சிறு அலகை முழு எண்ணாகத்தான் எண்ணும். ‘சூப்பர் மாரியோ வேர்ல்டு’க்குப் புதுப் பாட்டு சேர்க்க ரசிகர்கள் பயன்படுத்தும் அட்மியூசிக்கே கம்பைலரில் முழு நோட்டுக்கு 192 டிக், ஓர் அடிக்கு, அதாவது கால் நோட்டுக்கு, 48. இரண்டாலும் மூன்றாலும் நன்றாக வகுபடுவதால் அடிக்கு மூன்று சுரம் வரும் திஸ்ர நடைக்குத் தொல்லை இல்லை, ஒரு சுரத்துக்கு 16 டிக். அடிக்கு ஐந்து வரும் கண்ட நடை என்றால்? 48ஐ ஐந்தால் வகுத்தால் 9.6.

தசமத்தை வெட்டிவிடும் கம்பைலர் ஒவ்வொன்றுக்கும் 9 தரும். ஐந்துக்கும் சேர்த்து 45. ஒரு அடிக்கு மூன்று டிக் நஷ்டம். நாலு அடி கொண்ட ஒரு பாரில் 12, நாலு பாரில் 48. அதாவது மெட்டு ஒரு முழு அடி முந்திக்கொண்டு ஓட, டிரம் சேனல் பின்னால் நிற்கும். பாட்டு சுற்றிச் சுற்றி ஒலிக்கும் கேமில் இது வளர்ந்துகொண்டே போகும்.

டிக் கணக்கை நேராக ‘சி=10’ என்று எழுத அட்மியூசிக்கே இடம் தருகிறது. ஆனால் பாட்டு முழுக்க அப்படி எழுதினால் அது பாட்டா, மளிகைக் கணக்கா? அதற்குப் பதில், அடைப்புக்குறிக்குள் ஐந்து சுரத்தை வைத்து வெளியே 4 என்று போடும் குறி ஒன்று இருந்தால், மொத்தம் 48 என்பது கம்பைலருக்குத் தெரியும். ஒவ்வொரு சுரமும் முடியவேண்டிய இடத்தை, அதாவது 9.6, 19.2, 28.8, 38.4, 48 ஆகியவற்றை, முழு எண்ணாக்கிக் கழித்தால் 10, 9, 10, 9, 10 கிடைக்கும். கணக்கு நேராகிவிட்டது.

இதற்கும் விலை உண்டு. ‘சூப்பர் மாரியோ வேர்ல்டு’ ஓடும் சூப்பர் ஃபாமிகாமின் ஒலிப் பகுதிக்கு இருப்பது 64 கிலோபைட் நினைவகம்; வாத்திய ஒலி, பாட்டை ஒலிக்கவைக்கும் டிரைவர் நிரல், பாட்டு எல்லாம் அதற்குள். நிண்டெண்டோ டிரைவரில் சுரத்துக்கு ஒரு பைட்; நீளத்துக்கு, அது மாறும்போது மட்டும் இன்னொரு பைட் எழுதினால் போதும். ஐந்தும் சமமாக இருந்தால் 6 பைட், 10-9 என்று மாறி மாறி வந்தால் 10 பைட். 10, 10, 10, 9, 9 என்று அடுக்கினால் 7 பைட்டில் முடியும். ஆனால் நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு டிக் சுமார் 10 மில்லிவிநாடி. மாறி வரும் வரிசையில் பிசகு அதிகபட்சம் சுமார் 4 மில்லிவிநாடி, அடுக்கிய வரிசையில் 12க்கு மேல். நான் எழுதினால் மூன்று பைட்டை அள்ளிக் கொடுத்துவிடுவேன்.

கணக்கை விடக் குறியைத் தேர்ந்தெடுப்பதுதான் தலைவலி. ‘சி4-16’ என்று நீளத்தைக் கழிக்கலாமே என்று தோன்றும். ஆனால் ‘சி-’ என்றால் ஏற்கெனவே சி ஃபிளாட். முன்னிருப்பு நீளம் கால் என்று வைத்துவிட்டு ‘சி-16’ என்று எழுதினால் அது வீச நீள ஃபிளாட்டா, கால் நோட்டில் வீசம் குறைந்த சி-யா? அடைப்புக்குறியும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. அட்மியூசிக்கேயில் அது மூன்று சுரக் கட்டு. வேறு எம்.எம்.எல். வகைகளான பிஎம்டியிலும் மியூகாம்88இலும் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது.

ஆகவே கம்பைலர் எழுதுகிறவர்களே, புது நீளக்குறி சேர்க்கும்போது பழைய குறியின் பொருளைத் தொடாதீர்கள். பழைய பாட்டுக் கோப்புகளைப் புதுக் கம்பைலரில் போட்டு, முன்பு வந்த அதே பைட்டுகள் வருகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகு வெளியிடுங்கள்.