ஊர்தியில் வானொலி

தீபாவளி விடுமுறையில் ஐரோலியிலிருந்து வேனில் சொந்த ஊருக்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அது தமிழகக் கடற்கரையில் புயல் வீசும் பருவம். வழியில் வானொலிச் செய்தி தேவைப்படும். ஆனால், கண்டாலா மலைப்பகுதியை அடைந்ததும் வானொலியில் இரைச்சலே மிஞ்சுகிறது. இதற்குக் காரணம் என்ன?

பண்பலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்லும். மலை அதனை மறைத்துவிடும். வேனின் இரும்புக் கூடும் அலைகளைத் தடுக்கும். ஆகவே, ஆன்டெனா கூரையின்மீது செங்குத்தாக நிற்கவேண்டும். அதன் நீளமும் இன்றியமையாதது. 100 மெகாஹெர்ட்ஸ் பண்பலையின் அலைநீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கான 75 செ.மீ. நீளமுள்ள கம்பி அவ்வலையை நன்கு ஏற்கும். கம்பியின் அடியில் துரு பிடித்தால் ஒலி குன்றும். கைபேசி மின்னேற்றியும் இரைச்சலை எழுப்பக்கூடும். செய்தி கேட்கும்போது அதனைக் கழற்றிவிடுதல் நன்று.

மத்திய அலையின் இயல்பு வேறு. இரவில் அது வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிப் பல நூறு கிலோமீட்டர் செல்லும். அதனை ஏற்கும் காந்தத் தண்டு கையடக்க வானொலியின் உள்ளேயே இருக்கிறது. எனவே, வானொலியைச் சன்னலோரம் வைத்து மெல்லத் திருப்பவேண்டும். கர்நாடகத்தைக் கடக்கும் இரவிலேயே தமிழ்க்குரல் கேட்கக்கூடும். கைபேசிக் கோபுரம் இல்லாத இடத்திலும் புயல் எச்சரிக்கை அவ்வாறு வந்து சேரும்.

அருஞ்சொற்பொருள்
இரைச்சல் – பொருளற்ற பேரொலி
குன்றும் – குறையும்
இன்றியமையாதது – மிகத் தேவையானது

வினாக்கள்
1. ஆன்டெனாவைக் கூரையின்மீது பொருத்துவது ஏன்?
2. மத்திய அலை இரவில் நெடுந்தொலைவு செல்வது எவ்வாறு?