மூக்கு விரட்டும், நாக்கு அழைக்கும்

1935-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டுபியூக் நகரத்து ஹோட்டல் ஒன்றில், இரண்டு போஸ்ட்மாஸ்டர்கள் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நடுவில் லிம்பர்கர் சீஸ். ஒருவர் விஸ்கான்சின் மாநிலத்து மன்ரோ ஊர்க்காரர். லிம்பர்கர் தயாரிப்புக்குப் பேர்போன ஊர் அது. மற்றவர் அயோவாவின் இன்டிபென்டன்ஸ் ஊரைச் சேர்ந்தவர். தபாலில் வந்த லிம்பர்கர் பார்சலின் வாடை தாங்காமல் தன் தபால்காரருக்கு உடம்புக்கு முடியாமல் போய்விட்டது என்று பிரச்சினையைக் கிளப்பியவர் இவர்தான். மன்ரோக்காரருக்கு இது ஊர் மானம் சம்பந்தப்பட்ட விஷயம். நேருக்கு நேர் முகர்ந்து பார்த்துவிடுவோம், வாருங்கள் என்று சவால் விட்டார். வந்த இடத்தில் இன்டிபென்டன்ஸ் போஸ்ட்மாஸ்டர் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார்: அவருக்கு வாசனை பிடிக்கும் சக்தியே கிடையாது.

நாறும் சீஸைப் பற்றிய சண்டைகள் பல இப்படித்தான். திட்டுகிறவர் சாப்பிட்டிருக்க மாட்டார். புகழ்கிறவருக்கு முதல்நாள் முகர்ந்தது என்றைக்கோ மறந்துபோயிருக்கும். பெட்டியைத் திறந்ததும் முகத்தில் அறைகிற சீஸும், வாயில் கரைகிற சீஸும் நம் உணர்வுக்கு ஒன்றே அல்ல. முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதற்குத் தீர்ப்பு எழுதுவது அநியாயம் என்பது என் உறுதியான எண்ணம்.

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் ஸ்லைஸ் சீஸுக்கும் பனீருக்கும் இந்த வழக்கே இல்லை. பனீர் பழுக்க வைக்கப்படுவதில்லை. ஸ்லைஸ் சீஸோ உருக்கி வார்க்கப்படுவது. அதோடு அதில் நுண்ணுயிர்களின் வேலை முடிந்துவிடுகிறது. ஐரோப்பாவின் பழைய சீஸ்களில் தோலைக் கழுவிக் கழுவிப் பழுக்கவைக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. பிரான்ஸின் பர்கண்டியில் எப்வாஸ், அல்சாஸில் மன்ஸ்டர், அந்நாட்டின் வடக்கே மாருவால், பெல்ஜியத்தில் எர்வ், அதற்கு நெருங்கிய சொந்தமான லிம்பர்கர் எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றில் பலவற்றின் பூர்வகதை கிறிஸ்தவ மடாலயங்களுக்குப் போகிறது.

சீஸ் வட்டை வாரத்துக்குச் சில தடவை உப்புத் தண்ணீரிலோ, பியரிலோ, பிராந்தி கலந்த தண்ணீரிலோ நனைத்துத் துடைப்பார்கள். தோல் எப்போதும் ஈரமாகவும் உப்பாகவும் இருக்கும். சாதாரணப் பூஞ்சைகள் பல அங்கே நிலைக்காது. முதலில் ஈஸ்ட் வந்து மேற்பரப்பின் புளிப்பைத் தின்று தீர்க்கும். புளிப்பு அடங்கியதும், உப்புக்கு அஞ்சாத பிரெவிபாக்டீரியம் போன்றவை குடியேறும். தோல் மெல்ல ஆரஞ்சு நிறத்துக்கு வரும். நாற்றமும் கூடவே வரும். இந்த பாக்டீரியாக்கள் பால் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைத்து, அவற்றையும் மேலும் சிதைக்கின்றன. மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து மெத்தேன்தயால் என்ற கந்தக வாயு பிறக்கிறது. அழுகிய முட்டைக்கோஸின் நெடி அது. இன்னொரு பக்கம் ஐசோவலேரிக் அமிலம். நாள் முழுக்க ஷூவுக்குள் வியர்த்த காலின் வாடை. இது வெறும் வசையும் அல்ல. பிரெவிபாக்டீரியத்தின் நெருங்கிய உறவுக்காரர்கள் நம் பாதத்திலும் வாழ்கிறார்கள். மலேரியா பரப்பும் அனாபிலிஸ் கொசு வகை ஒன்று மனிதப் பாதத்தைத் தேடிப் போவதைக் கவனித்த டச்சு விஞ்ஞானி பார்ட் நோல்ஸ், அதே கொசுவை லிம்பர்கர் சீஸும் ஈர்க்கிறது என்று 1990-களில் காட்டினார். 2006-இல் அவருக்கும் அவருடைய சகாவுக்கும் இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது. கொசுப் பொறிக்கு என்ன வாசனை வைக்கலாம் என்ற யோசனைக்கு இந்த சீஸ் உதவியது என்பதை நினைத்தால் அதன்மேல் மரியாதை கூடுகிறது.

இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிரியமானது எப்வாஸ். பர்கண்டியில் அதே பெயருள்ள சிற்றூரில், 16-ஆம் நூற்றாண்டில் சிஸ்டர்சியத் துறவிகள் தொடங்கி வைத்து, பிறகு பண்ணைப் பெண்கள் கைக்கு வந்த சீஸ் என்பார்கள். இரண்டு உலகப் போர்களுக்குப் பின் அது கிட்டத்தட்ட மறைந்தே போனது. 1956-இல் ரொபேர் பெர்த்தோ, சிமோன் பெர்த்தோ தம்பதி மறுபடியும் செய்யத் தொடங்கியிராவிட்டால் இன்று அது பேச்சில் மட்டுமே மிஞ்சியிருக்கும். 1991-இல் அதற்குப் பிறப்பிடப் பாதுகாப்பு கிடைத்தது. எப்வாஸ் என்ற பெயரில் விற்க வேண்டுமானால் அந்த வட்டாரத்தில் அந்த முறைப்படிதான் செய்தாக வேண்டும். குறைந்தது நான்கு வாரம் பழுக்கும். கழுவும் தண்ணீரில் மார் எனப்படும் பிராந்தியைச் சேர்ப்பார்கள்; ஒயினுக்குப் பிழிந்த திராட்சையின் சக்கையிலிருந்து காய்ச்சி இறக்குவது. பழுக்கப் பழுக்க அதன் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். தோலின் செம்மஞ்சள் நிறத்துக்கு வெளியிலிருந்து எந்தச் சாயமும் சேர்ப்பதில்லை. முழுக்க நுண்ணுயிர்களின் கைவண்ணம்.

எப்வாஸ் சின்ன வட்ட மரப்பெட்டியில் வரும். பெட்டி இல்லாவிட்டால் நிற்காது, அவ்வளவு இளகல். மூடியைத் திறந்தால் ஈரம் மினுங்கும் சுருங்கிய தோல். விரல் வைத்தால் ஒட்டும். அந்த நிமிடத்தில் வரும் வாடையில் மாட்டுத் தொழுவம், ஈரக் கோணி, கந்தகம் எல்லாம் இருக்கும். கத்தியால் தோலைக் கிழித்தால் உள்ளே வெண்ணெய் நிறத்தில் கூழ், வெளியே வழியத் தயாராக. நடுவில் மட்டும் சில சமயம் கொஞ்சம் வெள்ளையாக, உதிரியாக இருக்கும். பழுப்பது தோலில் தொடங்கி உள்ளே போகிறது என்பதற்கு அது சாட்சி. கரண்டியால் எடுத்து ரொட்டியில் தடவி வாயில் வைத்தால் முகர்ந்த வாடை எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். உப்பு, பாலின் இனிப்பு, இறைச்சிச் சாறு போன்ற ஒரு ஆழம், கடைசியில் லேசான கசப்பு.

எங்கே போனது அந்த வாடை? எங்கும் போகவில்லை, வேறு வாசல் வழியாக வந்திருக்கிறது. நமக்கு வாசனை இரண்டு வழிகளில் எட்டுகிறது. ஒன்று, மூச்சை இழுக்கும்போது மூக்கின் துவாரங்கள் வழியே. மற்றொன்று, மெல்லும்போதும் விழுங்கும்போதும் தொண்டைக்குப் பின்னாலிருந்து மேலே ஏறி. முன்வழியில் வருவதை வெளியே இருக்கும் ஒரு பொருளின் வாடை என்று எடுத்துக்கொள்கிறோம். பின்வழியில் வருவதை வாயில் இருப்பதன் ருசி என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரே வாசனையை மூளை இந்த இரு வழிகளிலும் வேறுவேறாக உணரக்கூடும் என்று அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின் 1982-இல் எழுதினார். கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் வீட்டுக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைந்து, சோற்றில் ஊற்றியதும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கியவர்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஒரு வாடையை என்னவென்று சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பதிலும் நிறைய இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் செய்து 2005-இல் வெளியான ஒரு பரிசோதனையில், சீஸ் வாடையை ஒத்த ஐசோவலேரிக் அமிலக் கலவையை ஆட்களுக்கு முகரக் கொடுத்தார்கள். கூடவே திரையில் ஒரு பெயர். சில தடவை செடார் சீஸ் என்று, சில தடவை உடல் நாற்றம் என்று. சீஸ் என்று படித்தபோது அதே வாடையை நல்லதாக மதிப்பிட்டார்கள். மூளையில் இன்பத்தை எடைபோடும் பகுதியும் பெயருக்கேற்பவே மாறி இயங்கியது. குழந்தை முன்னால் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒரு பொருளை நீட்டினால் அது அதை வாங்காததில் என்ன வியப்பு?

ஆனால் பிடிக்காது என்பவரெல்லாம் பழகாதவர்கள், பக்குவம் போதாதவர்கள் என்று பேசும் சீஸ் பிரியர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. பிரான்ஸின் லியோன் நகர ஆய்வாளர்கள் 332 பேரிடம் கேட்டதில் 11.5 சதவிகிதம் பேருக்கு சீஸ் என்றாலே வெறுப்பு. மீன் மேல் வெறுப்பு 2.7 சதவிகிதம்தான். சீஸ் நடுவே பிறந்து வளர்ந்தவர்கள் இவர்கள். பழக்கமில்லை என்று யார் சொல்ல முடியும்? அந்த ஆய்வாளர்கள் பிறகு, பிடித்தவர்கள் பதினைந்து பேர், வெறுப்பவர்கள் பதினைந்து பேர் ஆகியோருக்கு சீஸின் படத்தையும் வாசனையையும் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். பசித்தவருக்கு உணவைக் கண்டதும் விழித்துக்கொள்ளும் ஒரு பகுதி மூளையில் உண்டு. வெறுப்பவர்களிடம் சீஸுக்கு மட்டும் அது அசையவே இல்லை; மற்ற உணவுகளுக்கு அசைந்தது. 2016-இல் வெளியான ஆய்வு இது. வெறுப்பவருக்கு சீஸ் சாப்பாட்டுப் பட்டியலிலேயே இல்லை என்றுதான் பொருள். ஒரு கடி கடித்துத்தான் பாரேன் என்று அவரைத் துன்புறுத்துவது விருந்தோம்பல் ஆகாது.

பிடித்தவர்களுக்குள்ளும் ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. அல்சாஸில் மன்ஸ்டரைத் தோலோடு அவித்த உருளைக்கிழங்குடன், சீரகக் குடும்பத்துக் காராவே விதை தூவிச் சாப்பிடுவார்கள். வடக்கே மாருவாலை மாவின் மேல் பரப்பி டார்ட் ஆகச் சுடுவார்கள். சூட்டில் நெடி தணிந்து ருசி பெருகும். காலையில் காபியில் மாருவாலைத் தோய்த்துச் சாப்பிடுவதை 2008-இல் வந்த ‘பியாவெனு ஷே லே ஷ்டி’ படம் நாடு முழுக்கப் பிரபலமாக்கியது. மன்ரோவில் லிம்பர்கருக்குக் ரை என்ற தானியத்தின் ரொட்டியும் பச்சை வெங்காயமும்தான் துணை. ஒரு நெடியை இன்னொரு நெடி அடக்குகிறது.

எது மிக நாறும் என்ற கேள்விக்கும் ஒரு விடை உண்டு. 2004-இல் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் மனித மூக்குகளையும் மின்னணு மூக்கையும் வைத்துப் பதினைந்து சீஸ்களைச் சோதித்தார்கள். முதலிடம் பிடித்தது பியரில் கழுவிய வியூ பூலோன். எப்வாஸ் அதற்குப் பின்னால்தான். வாடையின் அளவைப் பார்த்து ருசியைக் கணிக்கக் கிளம்பினால் ஏமாற்றமே மிஞ்சும்.

புதிதாக வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய வாடை ஒன்றே ஒன்று: அமோனியா. கழிவறை சுத்தம் செய்யும் திரவம் போலக் கண்ணைக் கரிக்கும் அளவு அடித்தால், பழுத்த நிலை தாண்டிவிட்டது, வாங்காதீர்கள். பொதியைப் பிரித்துக் கொஞ்ச நேரம் காற்றாட வைத்தும் அது அடங்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள். கர்ப்பிணிகளுக்கு லிஸ்டீரியா தொற்று அபாயம் இருப்பதால் இந்த மென்மையான வகைகள் வேண்டாம். மற்றவர்கள் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாக எடுத்து வையுங்கள். குளிரில் கொழுப்பு இறுகி ருசியைப் பூட்டிவைத்திருக்கும். தோல்தான் பயமுறுத்துகிறது என்றால் முதல்முறை அதை ஒதுக்கி உள்ளே இருக்கும் கூழை மட்டும் எடுங்கள். பல சீஸ்கள் உள்ள தட்டில் எப்வாஸைக் கடைசியில் வையுங்கள், தனிக் கத்தியோடு. அது நாக்கில் பட்ட பிறகு மென்மையான சீஸ்களின் ருசி எதுவும் எடுபடாது.