யானையின் விலையும் தீனியும்

அமெரிக்காவில் பிள்ளையைப் படிக்கவைக்கும் பெற்றோர் யாரையாவது தெரிந்தால், கட்டண ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். கல்விக் கட்டணத்துக்குக் கீழே ‘கட்டாயக் கட்டணம்’ என்று இன்னொரு தொகை இருக்கும். ஆஸ்பத்திரி, பஸ், நூலகம் என்று நாமாகவே நியாயம் கற்பித்துக்கொண்டு கட்டிவிடுவோம். பல அரசுப் பல்கலைக்கழகங்களில் அதில் ஒரு பங்கு விளையாட்டுத் துறைக்குப் போகிறது. அங்கே கால்பந்து அணி ‘மேல் தட்டுக்குப் போகிறோம்’ என்று அறிவித்துவிட்டால், அந்த வரியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன். கணக்கு கொஞ்சம் நீளம், டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள்.

கால்பந்து என்றால் இங்கே ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதும் அமெரிக்கக் கால்பந்து. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ., முதல் டிவிஷன் கால்பந்தை 1978இல் இரண்டாகப் பிரித்தது. மேல் தட்டுக்கு இன்று எஃப்.பி.எஸ். என்று பெயர், கீழ்த் தட்டுக்கு எஃப்.சி.எஸ். அலபாமா, மிச்சிகன், டெக்சாஸ் எல்லாம் மேல் தட்டு.

இங்கிலாந்துக் கால்பந்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கேதான் குழப்பம். அங்கே ஜெயித்தவன் மேலே போவான், தோற்றவன் கீழே வருவான். இங்கே அந்தப் பேச்சே இல்லை. நார்த் டகோட்டா ஸ்டேட் 2011க்கும் 2024க்கும் இடையில் பத்துப் பருவங்களில் கீழ்த் தட்டின் பட்டத்தை வென்றது. அதில் ஒன்றுகூட மேல் கதவைத் தானாகத் திறக்கவில்லை. மேலே இருக்கும் ஏதாவது ஒரு கான்ஃபரன்ஸ், அதாவது பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் கூட்டமைப்பு, வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். அழைப்பில்லாமலே போகப் பார்த்த சாக்ரமென்டோ ஸ்டேட்டின் கோரிக்கையை 2025இல் என்.சி.ஏ.ஏ. தள்ளிவிட்டது.

அழைப்பு வந்தாலும் நுழைவுக் கட்டணம் உண்டு. 2023 அக்டோபர் வரை அது வெறும் 5,000 டாலர். அந்த மாதம் ஒரே அடியில் 50 லட்சம் டாலர் ஆக்கிவிட்டார்கள், நம் பணத்தில் நாற்பது கோடி ரூபாய்க்கு மேல். அடுத்த மாதமே மேலே போவதாக அறிவித்த டெலவேர் பல்கலைக்கழகம் புதிய விலையில் மாட்டிக்கொண்டது. பத்திரிகைகளும் இந்த ஆயிரம் மடங்கைத்தான் பெரிதாகப் பேசின. எனக்கென்னவோ மொத்தச் செலவில் இதுதான் சின்னது என்று தோன்றுகிறது. யானையை விலைக்கு வாங்கிவிடலாம், கட்டித் தீனி போடுவதில்தான் வீடு காலியாகும்.

தீனியில் முதலில் வருவது உதவித்தொகை. 2025 வரை இருந்த விதிப்படி, கீழ்த் தட்டு அணி 63 முழு உதவித்தொகைக்கான பணத்தை 85 வீரர்கள் வரை பிரித்துக் கொடுத்துக்கொள்ளலாம். ஒருவருக்கு முழுசு, இன்னொருவருக்குப் பாதி. மேல் தட்டில் இந்தப் பங்கு பிரிப்பெல்லாம் அப்போது கிடையாது. 85 பேருக்கும் முழுசாகவே. ஆக 22 கூடுதல். ஒருவருக்கு ஆண்டுக்கு 40,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் 8.8 லட்சம் டாலர்.

அதோடு நிற்காது. 1972இல் வந்த டைட்டில் நைன் சட்டப்படி, விளையாட்டு உதவித்தொகை ஆண்களுக்கும் பெண்களுக்கும் அவரவர் எண்ணிக்கைக்கு ஏற்ற விகிதத்தில் போக வேண்டும். ஆண்கள் பக்கம் 22 ஏறினால் பெண்கள் பக்கமும் ஏற்றியாக வேண்டும். நியாயமான சட்டம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மேலே போகலாம் என்று கூட்டம் போட்டுப் பேசுகிறவர்கள் முதல் கணக்கைச் சொல்லும் சத்தத்தில் இரண்டாவதைச் சொல்வதில்லை. 2023இல் கட்டணத்தோடு சேர்த்து இன்னொரு நிபந்தனையும் வந்தது. மேல் தட்டில் இருப்பவர்கள் எல்லா விளையாட்டிலுமாக ஆண்டுக்கு 210 உதவித்தொகை, குறைந்தது 60 லட்சம் டாலர் கொடுத்தாக வேண்டும். 14 விளையாட்டுகளோடு கீழே காலம் தள்ளியவர்களுக்கு மேலே 16 வேண்டும்.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். உதவித்தொகைச் செலவில் ஒரு பகுதி காகிதக் கணக்கு. வகுப்பில் ஏற்கெனவே நாற்காலி காலியாக இருந்தால், ஒரு வீரரை இலவசமாக உட்காரவைப்பதில் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய நஷ்டமில்லை. விளையாட்டுத் துறை தன் பணத்தைக் கருவூலப் பிரிவுக்கு மாற்றுகிறது, அவ்வளவுதான். பயிற்சியாளர் சம்பளம், விமானம், மைதானம் அப்படி அல்ல. அவை பணமாகவே வெளியே போகின்றன.

வரவு என்ன? பெரிய அணியின் ஊருக்குப் போய் ஆடிக்கொடுத்தால் அவர்கள் பணம் தருவார்கள். பணம் வாங்கிக்கொண்டு உதை வாங்கப் போவது என்று இதை எடுத்துக்கொள்ளலாம். அப்பலாச்சியன் ஸ்டேட் கீழ்த் தட்டில் இருந்தபோது, 2007இல் மிச்சிகன் அதற்கு 4 லட்சம் டாலர் கொடுத்து அழைத்தது. உதை வாங்க வந்த அணி 34–32 என்று ஜெயித்துவிட்டது. 2014இல் அது மேலே போனது. 2022இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அதையே 15 லட்சம் டாலர் கொடுத்து அழைத்தது, மறுபடியும் அழைத்த அணிதான் தோற்றது. மேலே போனால் கூலி ஏறும் என்பது உண்மைதான். ஆனால் மேல் தட்டு அணிகள் உள்ளூரில் ஆட கீழ்த் தட்டு அணிகளைப் பணம் கொடுத்து அழைப்பதும் வழக்கம். ஒரு கையில் வந்தது இன்னொரு கையில் கொஞ்சம் போகும்.

அடுத்தது மேல் தட்டின் தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் போட்டிகளின் தொலைக்காட்சிப் பணம். 2026 முதல் ஆண்டுக்குச் சுமார் 130 கோடி டாலர் என்று கேட்டதும் நாக்கில் எச்சில் ஊறும். அதில் எஸ்.இ.சி., பிக் டென் என்ற இரண்டு கூட்டமைப்புகளே 58 சதவீதத்தை எடுத்துக்கொள்கின்றன. புதிதாக மேலே வருகிறவர்கள் சேரும் சிறிய கூட்டமைப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சுமார் 9 சதவீதம். பிரித்துப் பார்த்தால் ஓர் அணிக்கு ஆண்டுக்கு 20 லட்சம் டாலர்கூடத் தேறாது. மேலே இருப்பவர்களும் ஒன்றும் கொழிக்கவில்லை. 2019இல் சொந்த விளையாட்டு வருமானம் செலவைத் தாண்டியது 25 பல்கலைக்கழகங்களில்தான், அத்தனையும் மிகப் பெரியவை.

துண்டு விழுவதை யார் கட்டுகிறார்கள்? மாணவர்கள். வர்ஜீனியா மாநிலம் இதற்குச் சட்டமே போட்டிருக்கிறது. விளையாட்டுத் துறைச் செலவில் மாணவர் கட்டணமும் பல்கலைக்கழக மானியமும் இத்தனை சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2015இல் ஒரு வரம்பு வைத்தார்கள். கீழ்த் தட்டுக் கால்பந்து அணி உள்ள இடத்தில் 70 சதவீதம். பெரிய கூட்டமைப்பில் இல்லாத மேல் தட்டு அணிக்கு 55. வரம்பே எழுபது என்றால் நடைமுறை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆட்டத்தை ஒருநாளும் எட்டிப் பார்க்காத மாணவியும் அதில் பங்காளி.

அந்த மாநிலத்தில்தான் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2021 நவம்பரில் மேல் தட்டில் உள்ள சன் பெல்ட் கூட்டமைப்பின் அழைப்பை ஏற்றது. அதற்கு முன்பே மாநில சட்டமன்றக் குழுவிடம் கணக்கைக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. எழுபதுக்குள் இருந்தால் போதும் என்ற இடத்திலிருந்து ஐம்பத்தைந்துக்குள் அடங்கும் இடத்துக்குப் போக வேண்டும். அந்த இடைவெளியை டிக்கெட்டும் நன்கொடையும் நிரப்ப வேண்டும்.

பணமாக எழுத முடியாத செலவுகளும் வந்தன. விட்டுப்போகிறாயா என்று கோபித்துக்கொண்ட பழைய கூட்டமைப்பு, மீதியிருந்த பருவத்தில் ஜேம்ஸ் மேடிசனின் மற்ற அணிகள் பட்டப் போட்டிகளில் ஆடக் கூடாது என்றது. அதே ஆண்டு தேசியப் போட்டியில் முதலிடத்து ஓக்லஹோமாவைத் தோற்கடித்திருந்த பெண்கள் சாஃப்ட்பால் அணியும் அதில் அகப்பட்டது. கால்பந்து அணியோ வழக்கம்போல் கீழ்த் தட்டின் தேசிய பிளேஆஃபில் ஆடிக்கொண்டிருந்தது. மேலே போக ஆசைப்பட்டது யார், தண்டனை யாருக்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

மேலே போனதும் அந்த அணி நன்றாகவே ஆடியது. 2023இல் முதல் பத்து ஆட்டங்களையும் ஜெயித்தது. ஆனால் புதிதாக வந்தவர்களுக்கு உள்ள காத்திருப்புக் கால விதியால் கூட்டமைப்பின் இறுதிப் போட்டியில் ஆட முடியவில்லை. வருஷக் கடைசியில் பயிற்சியாளர் குர்ட் சிக்னெட்டியை இண்டியானா கொத்திக்கொண்டு போனது. அவருக்குப் பின் வந்த பாப் செஸ்னி 2025இல் அணியைத் தேசிய பிளேஆஃப் வரை கொண்டுபோனார், அவரை யூ.சி.எல்.ஏ. எடுத்துக்கொண்டது. நன்றாக ஆடாவிட்டால் கூட்டம் வராது, ஆடினால் பயிற்சியாளர் நிற்க மாட்டார்.

நன்றாக ஆடாதவர்கள் கதையும் உண்டு. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் 2012இல் மேலே போனது. ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்து மைதானம் போதாதென்று, தொண்ணூறு மைல் தள்ளி ஃபாக்ஸ்பரோவில் உள்ள தொழில்முறை அணியின் பிரம்மாண்ட மைதானத்தில் உள்ளூர் ஆட்டங்களை வைத்தார்கள். எந்த மாணவன் போவான்? முதல் இரண்டு பருவங்களிலும் பன்னிரண்டில் ஒரே ஒரு வெற்றி.

எனக்குப் பிடித்தது ஐடஹோ பல்கலைக்கழகத்தின் கதை. 1996இல் மேலே போனார்கள். சேர்ந்த கூட்டமைப்பு ஒன்று கால்பந்தையே நிறுத்தியது, இன்னொன்றும் பின்னாளில் நிறுத்தியது. ஒரு பருவம் யாரோடும் சேராமல் தனியாக ஆடினார்கள். கடைசியில் ஒண்டிய சன் பெல்ட்டின் மற்ற அணிகளில் பெரும்பாலானவை அலபாமா, ஜார்ஜியா, லூசியானா பக்கம். வடமேற்கு மூலையில் மாஸ்கோ என்ற சிற்றூரிலிருந்து நூறு பேருக்கு மேல் விமானம் ஏறி நாட்டின் தென்கோடிக்குப் போய் வர வேண்டும். அங்கிருந்து திரும்ப வருகிற அணியைப் பார்க்க உள்ளூரில் உள்ள கிப்பி டோமில் இருப்பதே 16,000 இருக்கைதான். பழைய பகையாளி ஈஸ்டர்ன் வாஷிங்டனோ காரில் இரண்டு மணி நேரத்துக்குள்.

2016 மார்ச்சில் சன் பெல்ட்டும் கைவிட்டது. அடுத்த மாதம் பல்கலைக்கழகத் தலைவர் சக் ஸ்டேபென், பழையபடி கீழ்த் தட்டுக்கே போகிறோம் என்று அறிவித்தார். தாமாக அப்படி இறங்கியது ஐடஹோதான் முதலில். பழைய மாணவர்கள் கொதித்தார்கள். போதாக்குறைக்கு அந்த ஆண்டே அணி ஒன்பது ஆட்டங்களை ஜெயித்து, பாய்சியில் நடந்த உருளைக்கிழங்கு பவுல் போட்டியில் கொலராடோ ஸ்டேட்டை 61–50 என்று நொறுக்கியது. ஆனாலும் முடிவு மாறவில்லை. கீழே வந்தால் லாபம் என்று யாரும் சொல்லவில்லை. கீழ்த் தட்டுக் கால்பந்தும் நஷ்டத் தொழில்தான், நஷ்டத்தின் அளவுதான் சின்னது.

2018இல் ஐடஹோ பிக் ஸ்கை என்ற கீழ்த் தட்டுக் கூட்டமைப்புக்குத் திரும்பியது. 2022, 2023, 2024 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து தேசிய பிளேஆஃபுக்குப் போனது. அது முடிந்த கையோடு பயிற்சியாளர் ஜேசன் எக்கை மேல் தட்டில் இருக்கும் நியூ மெக்சிகோ கூட்டிக்கொண்டு போய்விட்டது.