மண்ணுக்கும் வேண்டும் போர்வை

விருத்தாசலம் என்றதும் வெளியூரார் பீங்கான் பொம்மைகளைத்தான் சொல்வார்கள். நம் ஊருக்கு இன்னொரு செல்வமும் உண்டு, அது முந்திரி. ஊரைச் சுற்றியும் பண்ருட்டிப் பக்கமும் செம்மண் மேடுகளில் முந்திரித் தோப்புகள் நிற்கின்றன. இங்குள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் தந்த ‘வி.ஆர்.ஐ. 3’ என்னும் இரகம் பிற மாநிலங்களிலும் பயிராகிறது. பொம்மைக்கும் தோப்புக்கும் மண்தான் முதல் என்றாலும், இரண்டுக்கும் வேண்டிய மண் வெவ்வேறு.

பீங்கான் பட்டறையில் களிமண்ணைப் பிசைந்து காற்றை வெளியேற்றுகிறார்கள். உள்ளே குமிழி தங்கினால் பொருள் பழுதாகும். மரத்துக்கோ அந்தக் காற்றுதான் உயிர். நல்ல தோட்டத்து மண்ணை அள்ளினால் கேழ்வரகுப் புட்டு போல மணிமணியாக உதிரும். அம்மணிகளுக்கு நடுவே பெரிய சந்துகளில் காற்றும் சிறிய சந்துகளில் நீரும் தங்கும். வேர் மூச்சு விடுவதும் நீர் பருகுவதும் இவற்றில்தான்.

வெறும் தரையில் கனமழை விழுந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு துளியும் சம்மட்டி போல மண்மணியை உடைக்கிறது. உடைந்த துகள்கள் சந்துகளை அடைத்து, மெழுகினாற்போல ஓர் ஏடு படிகிறது. பிறகு பெய்யும் மழை உள்ளே இறங்க வழியின்றி, மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடுகிறது. நம் மாவட்டத்தில் ஆண்டு மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அதைச் சேமிக்காத தோப்பு சித்திரையில் வாடத்தானே செய்யும்?

இதற்குத்தான் மூடாக்கு. சருகு, வைக்கோல், கடலைத் தோல் என்று கிடைப்பதை மரத்தடியில் பரப்புவதே அது. துளியின் வேகத்தைச் சருகு வாங்கிக்கொள்ள, நீர் மெல்லச் சொட்டி இறங்குகிறது. கோடையில் வெயிலும் காற்றும் மண்ணை நேரே தொடாததால் ஈரம் ஆவியாவது குறைகிறது. பட்டறையில் பிசைந்த மண்ணின்மேல் ஈரச்சாக்கு போடுவதும் இதே காரணத்தால்தான்! களையும் அதிகம் முளைக்காது. அது குடிக்கும் நீரும் மிச்சம்.

மண்ணைத் திருத்தும் வேலை மெதுவாக நடக்கும். அடிச்சருகு மட்கும்போது பூஞ்சை இழைகளும் நுண்ணுயிர்களின் பசையும் துகள்களைக் கட்டி மணியாக்குகின்றன. மண்புழு சருகை உள்ளே இழுத்துத் தின்று துளையிடுகிறது. அறிஞர் சார்லஸ் டார்வின் மண்புழுக்களைப் பற்றியே ஒரு நூல் எழுதி 1881-இல் வெளியிட்டார் என்றால் அவற்றின் பெருமை விளங்கும். மூடாக்கின் அடியிலிருந்து ஒரு காய்ந்த மண்கட்டியும் வெறும் தரையிலிருந்து ஒன்றும் எடுத்து, இரண்டு கண்ணாடித் தம்ளர் நீரில் விட்டுப் பார்த்தோம். தரைக்கட்டி சிறிது நேரத்தில் கரைந்து நீர் கலங்கியது. மற்றது வெகுநேரம் உருக்குலையவில்லை.

வளர்ந்த முந்திரிக்குத் தன் சருகே போர்வை. ஆனால் 2011 டிசம்பர் 30-இல் கரை கடந்த ‘தானே’ புயல் கடலூர், பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் ஏராளமாகச் சாய்த்தபோது, நிழலும் சருகும் சேர்ந்தே போயின. வெட்டவெளியில் நடும் ஒட்டுக்கன்றுகளுக்குச் சொந்தச் சருகு ஏது? முதல் சில கோடைகளுக்கு வெளியிலிருந்துதான் மூடாக்குக் கொண்டுவர வேண்டும். மண் நனைந்த பிறகே நான்கு அங்குல கனத்தில் பரப்புவது நல்லது. காய்ந்த மண்ணை மூடினால் சிறுதூறல் சருகிலேயே நின்றுவிடும். தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட வேண்டும். ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும், கறையான் ஏறும், தண்டுத் துளைப்பான் புகுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பும் ஈரம் காக்கும். ஆனால் அது மட்கி மண்ணோடு சேராது. கிழிந்தால் வெறும் குப்பை. எங்களுக்குச் சருகே மேல் என்று தோன்றுகிறது. ஆனால் ஒரு தடை: கோடையில் உதிரும் கொட்டையைப் பொறுக்கத் தரை சுத்தமாக இருக்க வேண்டும். அதனால் சருகைக் கூட்டிக் கொளுத்துவதும் உண்டு. சில வீடுகளில் அடுப்புக்கும் அதுவே. அடுப்பெரிக்கும் தாய்மாரைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. கவாத்து செய்த கிளைகள் விறகுக்குப் போதுமானால் சருகு தப்பும். தோப்பிலேயே கொளுத்துவதற்குத்தான் நியாயமில்லை. கூட்டிய சருகை மரங்களுக்கு இடையே பள்ளம் வெட்டிக் கொட்டிவைத்து, ஐப்பசி மழையில் மண் நனைந்ததும் மரத்தடியில் திரும்பப் பரப்பிவிடலாம்.