தொட்டியில் பிறக்கும் சந்தன மணம்!

சிவகாசிக்கு அருகே உள்ளது நாரணாபுரம். பட்டாசும் தீப்பெட்டியும் அந்த வட்டாரத்தின் தொழில். வேலை முடிந்து வீடு திரும்புவோரின் சட்டையில் மருந்து நெடி வீசும்.

அதே ஊரில் ஒரு கல்யாணம் என்றால், பந்தல் வாசலில் பன்னீர்ச் செம்பு இருக்கும். பக்கத்தில் சந்தனக் கிண்ணம் இருக்கும். வருகிறவர்கள் ஒரு விரல் தொட்டுப் பூசிக் கொள்வார்கள்.

அது உண்மைச் சந்தனமா?

பெரும்பாலும் இல்லை! ஏதோ ஒரு மரத்தூள். அதில் செயற்கை வாசனை. உண்மைச் சந்தன எண்ணெய் கிலோ 1 லட்சம் ரூபாயைத் தாண்டும். அதைக் கிண்ணத்தில் கரைத்து வைக்க யாரால் முடியும்?

இந்த மணத்தை மரமே இல்லாமல் தயாரிக்கிறார்கள் விஞ்ஞானிகள். எப்படி? வீட்டில் இட்லி மாவு புளிக்கிறதே, அந்த வழியில்தான்!

வேரோடு போகும் மரம்

சந்தனம் விசித்திரமான மரம். தனியாகச் செழிக்காது. பக்கத்துச் செடிகளின் வேரில் தன் வேரைக் கோத்து, அவற்றின் சத்தை உறிஞ்சி வளரும்.

நட்ட உடனே மணக்காது. மரத்தின் நடுவில் வைரம் பாய வேண்டும். அந்த வைரத்தில்தான் எண்ணெய். அதற்கு 15, 20 ஆண்டுகள் ஆகும். நிறைய எண்ணெய் வேண்டுமானால் 30 ஆண்டு பொறுக்க வேண்டும்.

வேரிலும் எண்ணெய் மிகுதி. ஆகவே மரத்தை அடியில் வெட்டுவதோடு விடுவதில்லை. வேரோடு தோண்டி எடுத்து விடுகிறார்கள். போன மரம் போனதுதான்! மறுபடி துளிர்க்க அங்கே ஒன்றும் இல்லை.

1792-ல் மைசூரை ஆண்ட திப்பு சுல்தான், சந்தனம் அரசுக்குச் சொந்தம் என்று அறிவித்தார். காவல் போட்டும் களவு நிற்கவில்லை. ஜவ்வாது மலையிலும் சத்தியமங்கலம் காட்டிலும் திருட்டுக் கோடரி நுழைந்தது. சந்தனக் கடத்தல் வீரப்பன் 2004 அக்டோபர் 18-ந் தேதி அதிரடிப்படையின் துப்பாக்கிக்கு இரையானார். அதற்குள் போலீசார், வனத் துறையினர், கிராமத்தார் என்று எத்தனையோ பேர் மாண்டு விட்டனர். எல்லாம் ஒரு மணத்துக்காக!

ஈஸ்ட் செய்த வேலை

சந்தனம் மணப்பதற்குக் காரணம் சாண்டலால் என்ற பொருள். மரம் தன் சர்க்கரைச் சத்தில் இருந்து படிப்படியாக அதைச் செய்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஓர் என்சைம் உண்டு. கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒருவர் அரிவார். ஒருவர் வதக்குவார். கடைசி ஆள் தாளித்து இறக்குவார். இவர்களை உண்டாக்கும் குறிப்பு மரத்தின் மரபணுவில் இருக்கிறது.

2013-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக விஞ்ஞானிகள், "தாளிக்கும்" மரபணுக்களைக் கண்டுபிடித்தனர். அவற்றை ஈஸ்டுக்குள் புகுத்தினர். பன் ரொட்டி உப்புவதும் கள் பொங்குவதும் இந்த ஈஸ்டினால்தான். புது மரபணு பெற்ற ஈஸ்ட், சந்தன மணப் பொருளைச் செய்து காட்டியது!

2020-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எப். கம்பெனி இவ்வகைச் சரக்கை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அங்கே வேலை செய்வது ஈஸ்ட் அல்ல. ஒரு வகை பாக்டீரியா. அதற்குத் தீனி, மக்காச்சோளத்தின் மாவுச்சத்து. விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் காட்டிலும் விளைகிற அதே மக்காச்சோளம்தான்! மூடிய தொட்டியில் சில நாளில் மணம் தயார். 30 ஆண்டு எங்கே, சில நாள் எங்கே!

நட்டவர் கவலை

தமிழ்நாட்டில் 2002-ல் சட்டம் திருத்தப்பட்டது. பட்டா நிலத்துச் சந்தனம் நிலக்காரருக்கே சொந்தம் ஆயிற்று. வெட்டுவதற்கு வனத் துறை அனுமதி வேண்டும். அதை நம்பி, பிள்ளைகள் காலத்துக்கு உதவும் என்று கன்று நட்டவர்கள் உண்டு.

தொட்டிச் சரக்கு மலிந்தால் மரத்தின் விலை சரியுமோ? அவர்கள் கவலை நியாயமானது. ஆனால் கடத்தல்காரனுக்கும் அந்தக் கவலை வர வேண்டாமா? விலை இறங்கினால்தானே அவன் கோடரி இறங்கும்!

மேலும், மரத்து எண்ணெயில் சாண்டலால் மட்டும் இல்லை. வேறு பல பொருள்களும் கலந்து கிடக்கின்றன. சோப்புக்கும் சென்டுக்கும் தொட்டிச் சரக்கு போதும். சாமிக்குச் சாத்துவதற்குக் கல்லில் இழைத்த சந்தனம் வேண்டும். இழைக்கக் கட்டை வேண்டும். அந்தக் கட்டையைத் தருவதற்கு இன்றும் மரம் ஒன்றுதான் இருக்கிறது.