புது பைக்கை நாற்பதிலேயே ஓட்ட வேண்டுமா?

எனது ராத்தாவின் மகன் லீசிங்கில் புதிய மோட்டார் சைக்கிள் ஒன்றை எடுத்த முதல் வாரத்திலேயே அவனுக்கு இரண்டு பத்வாக்கள் கிடைத்துவிட்டன. சாய்ந்தமருதில் அவன் வழக்கமாகப் போகும் கராஜ் பாஸ் சொன்னது: “மகன், ஆயிரம் ஓடும் வரைக்கும் நாப்பதுக்கு மேல போகாத.” நிந்தவூரிலிருக்கும் அவனுடைய கூட்டாளி சொன்னது இதற்கு நேர் எதிர்: “முதல் நாளே நல்லா முறுக்கி ஓட்டு மச்சான், அப்பதான் எஞ்சின் திறக்கும்.” இரண்டில் எது சரி என்று தீர்ப்புக் கேட்டு அவன் என்னிடம் வந்தான்.

கேள்வி சின்னதுதான். ஆனால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய பைக்குக்குக் கூடப் புதிய பைக்கின் விலை சொன்னார்கள். இன்று ஒருவர் புதிதாக வாங்குகிறார் என்றால் பல வருடத் தவணையைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார் என்று அர்த்தம். தவணை முடியும் முன்னே எஞ்சின் புகை கக்கத் தொடங்கினால், பைக் இல்லாமல் தவணை மட்டும் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதலில், புது எஞ்சினுக்குள் என்னதான் நடக்கிறது? சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. தொழிற்சாலையில் வேண்டுமென்றே அதில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்களைப் போடுகிறார்கள். ஒயில் தங்குவதற்கு அந்தக் கீறல்கள் தேவை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் றிங் மேலும் கீழும் உரசும்போது, கீறல்களின் கூரான முனைகள் தேய்ந்து, றிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்திப் படிகின்றன. இந்தப் படிதலைத்தான் ‘ரன்னிங் இன்’ என்கிறோம். றிங் சரியாகப் படியாவிட்டால் எரிந்த வாயு கீழே கசியும், ஒயில் மேலே ஏறி எரியும். சைலன்சரில் நீலப் புகை வருவது அதனால்தான்.

றிங்கைச் சுவரோடு அழுத்துவது எது? அதன் சொந்த இழுவிசை கொஞ்சம்தான். பெற்றோல் எரியும்போது உண்டாகும் வாயு, றிங்கின் பின்புறம் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. எக்சிலரேட்டரைக் கொடுக்கக் கொடுக்க அந்த அழுத்தம் கூடும். நிந்தவூர்க் கூட்டாளியின் வாதத்துக்கு அடிப்படை இதுதான். முறுக்கி ஓட்டும் இந்த முறையை அமெரிக்காவில் ‘மோட்டோமேன்’ என்ற பெயரில் எழுதிய ஒருவர் பிரபலமாக்கினார். கீறல்கள் கூர்மையாக இருக்கும் முதல் சில மைல்களுக்குள் றிங் படியாவிட்டால் பிறகு படியாது என்பது அவர் கட்சி.

இதைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிட முடியாது. சிறிய விமானங்களுக்கு எஞ்சின் செய்யும் லைகொமிங் நிறுவனம், புது எஞ்சினையோ புதிதாகப் பிரித்துப் பூட்டிய எஞ்சினையோ முதல் மணித்தியாலங்களில் 65 முதல் 75 சதவீத சக்தியில் ஓட்டச் சொல்கிறது. மெதுவாக ஓட்டினால் றிங் அழுந்தாமல், ஒயில் சுவரில் வெந்து, மெருகு பூசியதுபோல ஆகிவிடும் என்பதே காரணம். குறைந்த சுமையில் மணிக்கணக்காக ஓடவிடப்படும் டீசல் ஜெனரேட்டர்களுக்கும் இதே நோய் வருவதுண்டு.

அப்படியானால் பாஸ் சொன்னது பிழையா? அதுவும் இல்லை. அந்தக் காலத்து எஞ்சின்களின் வேலைப்பாடு இன்றைய அளவு நுணுக்கமில்லை, ஒயிலும் அப்படித்தான். அதிலும் டூ ஸ்ட்ரோக் வண்டியைப் புதிதில் விரட்டினால் பிஸ்டன் சூடேறி இறுகிப் பிடித்துவிடும். இங்கிலாந்தில் புதுக் கார் வாங்கியவர்கள் “ரன்னிங் இன், பிளீஸ் பாஸ்”, அதாவது ‘எஞ்சின் படிகிறது, முந்திச் செல்லுங்கள்’ என்று பின் கண்ணாடியில் எழுதி ஒட்டிய காலம் ஒன்று இருந்தது. பாஸ்மார் கற்ற பாடம் அந்தக் காலத்துடையது. இன்று கீறல்களின் முனைகளைத் தொழிற்சாலையிலேயே பெரும்பாலும் மழுக்கிவிடுகிறார்கள்.

ஆனாலும் வேகத்துக்கென்றே செய்யப்படும் கார்களின் கம்பனிகள் கூட இன்னும் பொறுமையைத்தான் கேட்கின்றன. சுபாரு பிஆர்இசட் காருக்கு முதல் 1,600 கிலோமீற்றரில் நிமிடத்துக்கு 4,000 சுற்றைத் தாண்டக் கூடாது. பிஎம்டபிள்யூ எம் கார்களுக்கு 2,000 கிலோமீற்றர் வரை 5,500 சுற்று எல்லை. அது முடிந்ததும் எஞ்சின் ஒயிலையும் பின் கியர்ப்பெட்டி ஒயிலையும் மாற்றியாக வேண்டும். படிவது றிங் மட்டுமல்ல. கியர்ப் பற்களும் பெயாரிங்குகளும் அதே நேரத்தில்தான் படிகின்றன. அவற்றுக்கு முறுக்கு வைத்தியம் சரிவராது.

இந்தப் புத்தகங்களில் நம்மவர்கள் வாசிக்காத ஒரு வரி உண்டு. டொயோட்டாவின் கையேடு முதல் 1,000 கிலோமீற்றருக்கு அதிவேகத்தைத் தவிர்க்கச் சொல்வதோடு நிற்கவில்லை; நீண்ட நேரம் ஒரே வேகத்தில் ஓட்டுவதையும் தவிர்க்கச் சொல்கிறது. கல்முனையிலிருந்து காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் என்று அக்கரைப்பற்று வரை ஏறக்குறைய 25 கிலோமீற்றர் வீதியில் சொல்லும்படியான ஓர் ஏற்றம் கூடக் கிடையாது. டொப் கியரைப் போட்டு நாற்பதில் வைத்தால், சந்தை நெரிசல்களைத் தவிர்த்தால், போய்ச் சேரும் வரை எக்சிலரேட்டரை அசைக்கத் தேவையில்லை. புது எஞ்சினுக்கு ஆகாத ஓட்டம் அதுதான். அதிலும் பெரிய கியரில் எஞ்சின் திணறத் திணற இழுப்பது இன்னும் கெடுதி.

என் பழைய பைக்கை நான் அப்படித்தான் ஓட்டினேன். 15,000 தாண்டியதும் ஒயில் குடிக்கத் தொடங்கியது. நாற்பதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ‘ஒயில் இன்னும் நல்லாத்தானே இருக்கு’ என்று முதல் ஒயிலை 2,000 வரை மாற்றாமல் விட்டவனும் நானேதான்.

அந்த முதல் ஒயில் விடயத்தில் மட்டும் இரு கட்சியும் ஒன்றுபடுகின்றன. தேய்ந்து உதிரும் உலோகத்தூள் எல்லாம் அதில்தான் மிதக்கிறது. மருமகனின் புத்தகத்தில் முதல் சேர்விஸ் 500 முதல் 750 கிலோமீற்றருக்குள் என்றிருக்கிறது. அதைத் தவறவிட்டால் கம்பனி உத்தரவாதத்துக்கும் பிரச்சினை வரலாம்.

ஆகவே அவனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். காலையில் ஸ்டார்ட் பண்ணி முற்றத்தில் பத்து நிமிடம் உறும விடாதே. ஒரு நிமிடத்துக்குள் எடுத்துக்கொண்டு, சூடேறும் வரை மெதுவாகப் போ. சூடானபின் இரண்டாம், மூன்றாம் கியரில் பாதி எக்சிலரேட்டருக்குச் சற்று மேலே கொடுத்து இழு, பிறகு விட்டுவிடு. அது தானாக வேகம் குறையட்டும். இதையே மாற்றி மாற்றிச் செய். புத்தகத்திலிருக்கும் எல்லையை மட்டும் தாண்டாதே. முதல் சில நூறு கிலோமீற்றர் பின்னால் இரண்டு பேரை ஏற்றாதே. (ஒருவரைத் தவிர வேறு எவரையும் ஏற்றக் கூடாது என்பது சட்டமும்தான், நமது ஊரில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள்.) புது ரயர் வழுக்கும், புது பிரேக் முதல் சில நாட்கள் முழுதாகப் பிடிக்காது, எஞ்சினை விட அவை முக்கியம்.

640 கிலோமீற்றரில் சேர்விஸுக்குக் கொடுத்தான். நானும் கூடப் போயிருந்தேன். வடித்த ஒயிலை வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது, மீன் செதில் பொடிபோலச் சாம்பல் நிறத்தில் ஒரு மினுக்கம். “மாமா, இவ்வளவும் உள்ளுக்குள்ளயா சுத்தினது?” என்று கேட்டான். அடுத்த ஒயில் எப்போது மாற்ற வேண்டும் என்பதை அவனே டாங்கியின் மேல் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிக்கொண்டான்.